மணி மட்டும் வந்தால் போதும்

நவூனி, கண்டாவுத் தீவு
2 மே 2023

விலிசிக்கு,

உனைசி எழுதுகிறேன். நீ அனுப்பிய மாவு மூட்டையும் சர்க்கரையும் வந்தது. உன் சித்தப்பா மகன் சகியூசா தூக்கிவந்து வாசலில் வைத்தான். அப்படியே பாதிரியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். உன் அண்ணன் செத்த வீட்டில் உன் மாவைப் பிசைய எனக்குக் கை வரவில்லை.

அண்ணி ஏன் போனில் பேசமாட்டேன் என்கிறாள் என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்கிறாயாம். அடக்கம் முடிந்த அன்று ஆளுக்கு ஒன்றை விட்டோம். சகியூசா யங்கோனா குடிப்பதை விட்டான். அவன் அம்மா மீனை விட்டாள். நான் போனை விட்டேன். துக்கத்தின் நூறு இரவு முடிகிறவரைக்கும் என் காதில் போன் படாது. அதனால்தான் இந்தக் கடிதம். எட்டாவதோடு நின்றவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். சிரிக்காதே.

அன்றைக்கு நடந்ததை உனக்கு ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை. மழை. எதிரே தென்னைமரம்கூடத் தெரியவில்லை. ஆறு இருபதுக்குப் போன் அடித்தது. நான்தான் எட்டிப் பார்த்தேன். 100 என்று இருந்தது. சுவா கப்பல் ஆபீசில் 100 யாருடைய நாற்காலி என்று இந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும். உன்னுடையது. நான்தான் அவரை எழுப்பினேன். "எந்திரிங்க, நூறு வருது" என்றேன். அவர் எடுத்து ஹலோ ஹலோ என்றார். பேச்சில்லை. வைத்துவிட்டுச் சிரித்தார். "உன் நாத்தனாருக்கு மூச்சு விடக்கூட நேரமில்ல போல" என்றார்.

இங்கே கப்பல் ஏஜெண்டு வேலை எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியும். மழைநாளில் கூரை டிஷ் வழியாக வரும் போனில் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். மணி மட்டும் வந்தால் போதும், கப்பல் பவளப்பாறை நடுவிலுள்ள திறப்புக்கு, பாறைவாய்க்கு, வருகிறது, படகை எடுத்துக்கொண்டு போய் எதிர்கொள் என்று அர்த்தம். நீங்கள் இரண்டு பேரும்தானே இதை வைத்துக்கொண்டீர்கள். கப்பல் யாருக்காகவும் காத்து நிற்காது. போன வருஷம் தாமதமாகப் போய் ஊர் யங்கோனா வேர் மூட்டை அத்தனையும் கரையிலேயே கிடந்தது. அந்தப் பேச்சு அவர் மனசில் முள்ளாக இருந்தது. அதனால் மரவள்ளியைத் துணியில் கட்டிக் கொடுத்ததும் ஓடினார்.

கப்பல் வரவே இல்லை. சுவாவை விட்டே புறப்படவில்லை என்று மத்தியானம்தான் தெரிந்தது. அதற்குள் படகு கவிழ்ந்து கிடந்தது.

வராத கப்பலுக்கு எதற்கு மணி அடித்தாய்?

நூறாவது இரவு ஜூலை 12. நீ வரவேண்டாம்.

உனைசி


சுவா
11 மே 2023

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் நின்று படித்தேன். வேறு இடம் கிடைக்கவில்லை.

நான் அடிக்கவில்லை. அடக்கத்தன்று உங்கள் காலைப் பிடித்து இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நெமனி எனக்கு அண்ணன் மட்டுமா? அப்பா போன பிறகு எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு வாங்கித் தந்தவன் அவன். அவனை நான் கடலுக்கு அனுப்புவேனா?

மேலாளரிடம் கெஞ்சி அன்றைய அழைப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆறு இருபதுக்கு 100-லிருந்து உங்கள் வீட்டு 27-க்கு எந்த அழைப்பும் இல்லை. தாள் என் பையில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் நேரத்தில் நான் அடிக்கவில்லை அண்ணி. சத்தியம்.

இங்கேயும் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். டீ போடும் லுவிசா மட்டும், "அங்க தெரிஞ்சது உன் பேரு இல்ல, நம்பரு. நம்பருக்கு ஏன்டி நீ அழுவுற?" என்றாள். சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் அழுகை.

நூறாவது இரவுக்கு வரவேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் கறுப்புத் துக்க உடையை எடுத்து நிறம் உடுத்திவிட வேண்டியவள் நான். வேறு யார் இருக்கிறார்கள்?

விலிசி


நவூனி
22 மே 2023

விலிசிக்கு,

தாள் இருக்கிறது என்கிறாய். தாள் உன் ஆபீசுடையது. நம்பர் என் கண் பார்த்தது.

இன்னொன்று. "நீங்கள் சொல்லும் நேரத்தில் நான் அடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். நான் படிக்காதவள், ஆனால் சந்தையில் நாற்பது வருஷம் கிழங்கு விற்றவள். முழுதாகச் சொல்லாதவன் எப்படிப் பேசுவான் என்று தெரியும். நான் சொல்லும் நேரத்தில் இல்லையென்றால், எந்த நேரத்தில் அடித்தாய்?

இங்கே தூக்கம் இல்லை. அவர் சாமான்களை யாரும் தொடக்கூடாது என்று பெரியவர்கள் தடை போட்டிருக்கிறார்கள். பாறைவாய்ப் பக்கம் மீன்பிடிக்கவும் தடை. அவருடைய மழைக்கோட்டு, துடுப்பு, போன், மூன்றையும் மரப்பட்டை மாசித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். போனின் வயரைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் தொட்ட மாதிரிதானே.

சுற்றி வைத்த பிறகும் அது அடிக்கிறது, விலிசி. கப்பல் நாளில் அடித்தால் சரி, நீங்கள்தான் என்று சகியூசா படகை எடுத்துக்கொண்டு போகிறான். இப்போது ஏஜெண்டு வேலையை அவன்தான் பார்க்கிறான். ஆனால் கப்பல் இல்லாத நாளிலும் அடிக்கிறது. புதன்கிழமை நான் பாத்திரம் தேய்க்கும்போது அடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு நடுவில் அடித்தது. பாதிரியார் கண்ணைத் திறந்துவிட்டார். ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? நெமனி கூப்பிடுகிறான் என்கிறார்கள். "கூப்பிடுறவன் பொண்டாட்டி எடுக்குற வரைக்கும் விடமாட்டான்" என்று சகியூசாவின் அம்மா என் காதுபடவே சொன்னாள்.

கூப்பிட்டால் எடுக்கமாட்டேனா? நேர்ந்துகொண்டேனே. நூறு இரவு.

நேற்று அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் அடிக்கவில்லை.

உனைசி


சுவா
5 ஜூன் 2023

அண்ணிக்கு,

இதை நர்ஸ் அக்கா விமானத்தில் கொண்டுவருவார். கோபத்தில் கிழிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் கம்பெனி வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தது. ரோஹிதேஷ் என்று பெயர், லவுடோக்கா ஊர்க்காரர். இன்டர்நெட் போன்களைத் தணிக்கை செய்வது அவர் வேலை. எந்த நம்பர் வெளியாளுக்குத் திறந்து கிடக்கிறது என்று பார்ப்பார். நம் கப்பல் ஏஜெண்டுகள் எல்லோருடைய ஊர்ப் பெயரும் எனக்குத் தெரியும் என்று என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

முதல் நாள் அவர் ஆபீசுக்குள்ளேயே வரவில்லை. தன் அக்கா வீட்டு இன்டர்நெட்டிலிருந்து, திருடன் எப்படி வருவானோ அப்படி, நம் போன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாராம். முப்பத்தோரு போன். இருபத்தெட்டு போன் வாயைத் திறக்கவில்லை. மூன்று போன் "நான் இருக்கேன், சொல்லுங்க" என்று பதில் சொல்லியிருக்கிறது. ஒன்று இங்கே எண்ணெய்க் கிடங்கில். ஒன்று ஓவலாவு தீவில். மூன்றாவது 27.

பட்டியலில் 27-ஐப் பார்த்ததும் அதன் மேல் விரலை வைத்தேன். "என்னம்மா, தெரிஞ்ச நம்பரா?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு இருபதைச் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "உன் நாற்காலியில போய் உட்காரு. கையை மடியில வெச்சுக்கோ. போனைத் தொடாதே" என்றார். லுவிசாவைக் கிடங்குக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் லுவிசா அங்கிருந்து ஓடிவருகிறாள். "ஏன்டி அடிச்சிட்டு பேசாம இருக்க? நூறுன்னு வருது, எடுத்தா ஊமை" என்கிறாள்.

என் கை மடியில் இருந்தது அண்ணி. என் நம்பர் அடித்தது.

அவர் மடிக்கணினியிலிருந்து அடித்தது அது. திறந்து கிடக்கும் போனிடம் நான்தான் 100 என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமாம். அது நம்பிவிடுமாம். உலகத்தில் எங்கெங்கோ இயந்திரங்களை ஓடவிட்டிருக்கிறார்கள், திறந்த போன் கிடைத்தால் அதன் வழியாக ஓசியில் பேசுவதற்கு. இரவு பகல் தட்டிக்கொண்டே இருக்கும். ஆபீஸ் என்றால் 100 என்று ஒரு நம்பர் இருக்கும் என்பதால் முதலில் அதைத்தான் போட்டுப் பார்க்குமாம். தட்டுகிறவனுக்கு நெமனி யார், கண்டாவு எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. பேசவும் ஆள் இருக்காது. அதனால்தான் ஊமை. அது அவன் ஆவி இல்லை அண்ணி.

ரோஹிதேஷ் கேட்கச் சொன்னது ஒன்று. டிஷ்ஷிலிருந்து வரும் வயர் முதலில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குப் போகும். அதிலிருந்துதான் போனுக்கு வரும். அந்தப் பெட்டிதான் காவல். முகம் தெரியாதவனை உள்ளே விடாது. உங்கள் வீட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா? பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை போன் வயரைப் பிடுங்கி வையுங்கள். பெரியவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு சேதி பின்பக்கம். 8-ஆம் தேதியிலிருந்து 25 வரை கப்பலைப் பழுது பார்க்கக் கரையேற்றுகிறார்கள். அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் கப்பல் கிடையாது. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் வீட்டில் எடுப்பார் இல்லை. சகியூசாவிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

விலிசி


நவூனி
14 ஜூன் 2023

விலிசிக்கு,

நர்ஸ் சனிக்கிழமை கொடுத்தாள். லவுடோக்காக்காரர் தட்டினார் என்கிற இடம் வரைக்கும் படித்தேன். நீ தப்பிக்கக் கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். பாய்க்கடியில் சொருகிவிட்டேன். மீதியைப் படிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை காற்று தெற்கிலிருந்து அடித்தது. பாறைவாயில் வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்பில் கிழங்கை வைத்தேன். மாசிக்குள்ளிருந்து போன் அடித்தது. வாசல் பக்கம் நின்ற சகியூசா, "கப்பல் வந்துடுச்சு" என்று ஓடினான். அன்றைக்கு உன் அண்ணன் ஓடினது போலவே, ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே.

என்ன தோன்றியதோ. பாயைத் தூக்கி உன் கடிதத்தை எடுத்தேன். நின்றபடியே படித்தேன். எனக்கு மெதுவாகத்தான் படிக்க வரும். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கும்போதே கீழே என்ஜின் சத்தம் கேட்கிறது. பின்பக்கத்தைத் திருப்பினேன். கப்பல் கிடையாது என்று இருந்தது.

அவர் போனதிலிருந்து நான் கடலில் கால் வைக்கவில்லை. கறுப்பு உடையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகுக் கயிற்றைப் பிடித்தேன்.

"விடுங்க அண்ணி, கப்பல் எனக்காக நிக்குமா?" என்றான்.

"கப்பல் சுவாவில கரைமேல கிடக்குதுடா முட்டாள்."

"மணி அடிச்சுதே?"

"மணிக்கு என்ன, அது யாருக்கு வேணும்னாலும் அடிக்கும்."

அவன் என்னையே பார்த்தான். எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பான். நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். "போறதுன்னா என்னையும் இழுத்துட்டுப் போ. ஒரே வீட்டுல மூணு போகட்டும்" என்றேன். என்ஜினை நிறுத்தினான். கயிறு இழுத்ததில் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. அதனால்தான் எழுத்து இப்படிக் கோணல்.

ஈரத்தோடு வீட்டுக்கு வந்தோம். மாசியைப் பிரித்தேன். சகியூசா தடுக்கவில்லை. பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிழங்கு கருகியது. ரொம்ப நேரம் கழித்து மறுபடி அடித்தது. 100.

எடுத்தேன், விலிசி. எழுபது இரவு காத்த நேர்ச்சையை உடைத்தேன். காதில் வைத்தேன். அவர் இல்லை. நீயும் இல்லை. மூச்சு இல்லை, கடல் சத்தம் இல்லை, இரைச்சல்கூட இல்லை. யாரும் இல்லாத ஒரு இடம். இதற்காகவா அவர் மரவள்ளியைக் கட்டிக்கொண்டு போனார்?

சகியூசா வாங்கிக் கேட்டான். "இந்நேரம் நான் பாறைவாயில இருப்பேன்" என்றான்.

நீ அடிக்கவில்லை. நான் உன்னைச் சொன்ன வார்த்தையெல்லாம் என் தலையில். அடக்கத்தன்று முகத்தைத் திருப்பியதும்.

வயரைப் பிடுங்கிவிட்டேன். பெட்டி விளக்கு எரிகிறதா என்று கேட்டிருந்தாய். கை சரியாகட்டும். பிறகு எழுதுகிறேன்.

உனைசி


சுவா
23 ஜூன் 2023

அண்ணிக்கு,

நீங்கள் கயிற்றைப் பிடித்த இடத்தை ஐந்து தடவை படித்துவிட்டேன். சகியூசா அண்ணனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் உயிரோடு இருந்திருக்கமாட்டேன்.

நீங்கள் என்னை நம்பிவிட்டீர்கள். இப்போதுதான் எனக்குப் பயம் அதிகமாகிறது. எந்த நேரத்தில் அடித்தாய் என்று கேட்டீர்களே. ஏழு இருபத்திரண்டுக்கு.

முதல் நாள் இரவே கப்பல் ரத்து என்று முடிவாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு எல்லா ஊருக்கும் அடித்துச் சொல்ல வேண்டியது நான். வராதே, கடல் சரியில்லை என்று, பேச்சு அறுந்தாலும் காதில் விழும்வரை திரும்பத் திரும்ப அடித்துச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டில் கல்யாணப் பேச்சு. யங்கோனாக் கிண்ணம் சுற்றிக்கொண்டே இருந்தது. விடிகிற நேரத்தில் தூங்கிப்போனேன். பஸ் பிடித்து ஆபீஸ் வந்தபோது ஏழு பத்து. வரிசையாக அடித்தேன். உங்கள் நம்பருக்கு வந்தபோது ஏழு இருபத்திரண்டு. மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மழையில் டிஷ் கெட்டிருக்கும் என்று நினைத்து அடுத்த நம்பருக்குப் போய்விட்டேன்.

அந்த நேரம் நீங்கள் கடற்கரையில் நின்றிருப்பீர்கள்.

ஆறு மணிக்கு என் குரல் வந்திருந்தால், ஆறு இருபதுக்கு எந்தப் பேய் மணி அடித்தாலும் அவன் திரும்பிப் படுத்திருப்பான். அடித்ததற்காக என்னைத் திட்டினீர்கள். அடிக்காததற்குத் திட்டியிருக்கவேண்டும். தாளில் ஏழு இருபத்திரண்டு இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு அனுப்பவில்லை.

இது ஆபீசுக்குத் தெரியாது. ரோஹிதேஷ் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டி விஷயத்தை விடுங்கள் அண்ணி. அறிக்கையில் "27 திறந்திருந்ததற்குக் காரணம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டார். மூன்று போனையும் மூடியாகிவிட்டது. இனி அது அடிக்காது. நீங்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நூறாவது இரவுக்கு வருவதா என்று கேட்கமாட்டேன். அந்த உரிமை எனக்கு இல்லை.

விலிசி


நவூனி
1 ஜூலை 2023

விலிசிக்கு,

உன் கடிதத்தைச் சகியூசா எதிரில் படிக்கவில்லை. தோட்டத்துக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். படித்துவிட்டு இரண்டு வரிசை மரவள்ளியைப் பிடுங்கினேன். ஒரு வரிசை பிடுங்க வேண்டாதது. கோபம்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு கிண்ணம் யங்கோனாவுக்கு விலை உன் அண்ணன்.

திரும்பி வந்து கட்டிலடியில் குனிந்தேன். பெட்டி அங்கேதான் இருந்தது.

"பெட்டி விஷயத்தை விடுங்கள்" என்று நீ எழுதியபோதே உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. என்னை மறைக்கப் பார்க்கிறாய். உன் தப்பைப் பின்பக்கம் ஒளிக்காமல் முன்பக்கத்தில் எழுதிவிட்டு, என் தப்பை மட்டும் மூடப் பார்க்கிறாய். அதனால் நானும் முன்பக்கத்திலேயே எழுதுகிறேன்.

பிப்ரவரியில் மீன் வைக்கும் ஃப்ரீசர் வந்தது. வீட்டில் பிளக் போட இருப்பது இரண்டு இடம். ஒன்றில் டிஷ், ஒன்றில் அந்தக் கறுப்புப் பெட்டி. பெட்டி சும்மா கண் சிமிட்டிக்கொண்டு சூடாகிக்கொண்டு இருந்தது. அதைப் பிடுங்கினேன். போன் செத்துப்போனது. அதில் இருந்த வயரை நேராக டிஷ்ஷின் பெட்டியில் சொருகிப் பார்த்தேன். போன் வேலை செய்தது. ஃப்ரீசரும் ஓடியது. உன் அண்ணன் வந்து பார்த்து, "பரவாயில்லயே, கம்பெனிக்காரன் ரெண்டு பெட்டி வெச்சான், என் பொண்டாட்டி ஒண்ணுல முடிச்சிட்டா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். நானும் பெருமையாக இருந்தேன். பெட்டியை ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். நாலு மாசம் அதன் மேல்தான் படுத்தேன், அதில் பாதி உன்னைத் திட்டிக்கொண்டு.

வயரைப் பிடுங்கின அன்றைக்கே தெரிந்துவிட்டது. கை சரியாகட்டும் என்று எழுதினேனே, கை உரிந்தது நிஜம், ஆனால் எழுதாததற்கு அது காரணமில்லை. எழுத மனசு வரவில்லை.

ரோஹிதேஷிடம் சொல். காரணம் தெரியவில்லை என்று எழுதவேண்டாம். நவூனி உனைசி ஃப்ரீசருக்காகப் பிடுங்கினாள் என்று எழுதச் சொல். வேறு தீவில் வேறு ஒருத்தி இப்போது பிளக் தேடிக்கொண்டு நிற்பாள். அவளுக்கு இது தெரியவேண்டும். பெட்டி மேலேயே நம் மொழியில், இதைப் பிடுங்காதே என்று ஒட்டச் சொல். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

நீ தூங்கிப்போனதை மட்டும் ஆபீசில் சொல்லவேண்டாம். வேலை போனால் உனக்கு யார் இருக்கிறார்கள்? அதற்கு உன்னை இங்கே வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் என் கறுப்பை எடு. பிறகு நிறப் புடவைத் துணியைக் கட்டிக்கொண்டு நன்றாகத் திட்டுகிறேன். நீயும் ஃப்ரீசரைப் பற்றி என்னைத் திட்டு. சகியூசாவின் அம்மா கேட்டால் கேட்கட்டும்.

10-ஆம் தேதிக் கப்பலில் வா. மாவு கொண்டுவா, இந்தத் தடவை பிசைகிறேன்.

ஒன்று மட்டும் நினைவில் வை. சகியூசா இங்கே ஒரு சட்டம் போட்டிருக்கிறான். மணி அடித்தால் இனி யாரும் படகைத் தொடமாட்டார்கள். கப்பல் பாறைவாய்க்கு வெளியே வந்து நின்றதும், நீ மேல்தட்டில் ஏறிக்கொள். என் பெயரைச் சொல்லிக் கத்து. சின்னக் குரல் வேண்டாம், காற்று தின்றுவிடும். நான் கரையில் நிற்பேன். உன் குரல் என் காதில் விழுந்த பிறகுதான் படகு வரும்.

உனைசி